லீவர் கைப்பிடியைத் தொடுகிறதா? சைக்கிளை எடுக்காதீர்கள்

சைக்கிள் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஆயில் டிஸ்க் பிரேக்கைப் பற்றியவை. எங்கள் கடை தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கம். அப்பா காலத்தில் மணிக்கணக்கு வாடகை சைக்கிள் கடையாக இருந்தது. அன்றைக்கு பிரேக் என்றால் கம்பியும் ரப்பர் கட்டையும்தான். இன்றைக்கு வாரத்துக்கு நாலைந்து ஆயில் பிரேக்காவது என் கையில் வருகிறது. அவற்றில் கற்றுக்கொண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஓசூரில் ஒருவரிடம் கியர் சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கினேன். முன் பிரேக் லீவரை அழுத்தினால் கைப்பிடி வரைக்கும் வந்துவிடுகிறது. நாலைந்து தடவை வேகமாக அழுத்தினால் கொஞ்சம் பிடிக்கிறது. ஒரு நிமிஷம் விட்டால் பழையபடி ஆகிவிடுகிறது. எங்கள் ஊர் பைக் மெக்கானிக், "பைக் பிரேக் ஆயில் ஊத்தி ஏர் எடுத்துத் தர்றேன்" என்கிறார். கொடுக்கலாமா? வாரம் ஒருமுறை ஒகேனக்கல் போய் வருகிறேன்.
– கல்லூரி மாணவர், பென்னாகரம்

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்த ஒகேனக்கல் பயணத்தை நிறுத்தி வையுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஆற்றுக்குப் போகும் வழி காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. திருப்பத்தில் குரங்கு உட்கார்ந்திருக்கும், எதிரே டூரிஸ்ட் பஸ் வரும். பின் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி அதில் இறங்க வேண்டாம்.

உங்கள் சைக்கிளுக்கு என்ன கோளாறு என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். அடித்து அடித்து அழுத்தினால் பிடிக்கிறது, விட்டால் போய்விடுகிறது என்றால் பிரேக்குக்குள் காற்று புகுந்திருக்கிறது. லீவருக்குள் ஒரு சின்ன பிஸ்டன், சக்கரத்துக்கிட்ட கேலிப்பரில் இரண்டு பெரிய பிஸ்டன், நடுவில் ஓஸ் குழாய் நிறைய ஆயில். கேலிப்பர் பிஸ்டன் தள்ளும் பேடு கட்டைகள், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டை இரண்டு பக்கமும் கவ்வும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான் இங்கே வேலை செய்கிறது. ஆயிலை அமுக்க முடியாது என்பதால் இங்கே விரல் கொடுக்கும் அழுத்தம் அப்படியே அங்கே போய்ச் சேர்கிறது. காற்று அமுங்கும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இருக்கும் சந்து ஒரு மில்லிமீட்டர்கூட கிடையாது. அதனால் கொஞ்சம் காற்று இருந்தாலும் போதும், லீவர் நகரும் தூரத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

ஆனால் காற்று தானாக உள்ளே வராது. எந்த வழியாக வந்தது என்று முதலில் பாருங்கள். டார்ச் அடித்து பேடைப் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் இருக்கும் தேயும் பாகம் அரை மில்லிமீட்டர்தான் பாக்கி என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப லீவர் தொட்டியிலிருந்து ஆயில் இறங்கும். தொட்டி வற்றினால் காற்று உள்ளே போகும். அடுத்தது கசிவு. ஒரு வெள்ளைத் துணியால் லீவர் பிஸ்டன் இருக்கும் இடத்தையும், ஓஸ் இரண்டு பக்கமும் மாட்டியிருக்கும் நட்டுகளையும், கேலிப்பரின் அடிப்பாகத்தையும் ஒற்றி எடுங்கள். துணியில் ஈரம் ஒட்டினால் கசிவு அங்கேதான். அதைச் சரிபண்ணாமல் ஏர் எடுத்தால் பத்து நாளில் மறுபடி இதே கடிதம் எழுதுவீர்கள். கசிவும் இல்லை, பேடும் நன்றாக இருக்கிறது என்றால் அந்த ஓசூர்க்காரர் சைக்கிளை ரொம்ப நாள் தலைகீழாகப் போட்டு வைத்திருந்திருக்கலாம். தொட்டியில் ஏற்கெனவே இருந்த கொஞ்சக் காற்று அப்போது ஓஸுக்குள் ஏறிவிடும்.

இப்போது ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட நீளமாகப் பதில் எழுத இதுதான் காரணம். சைக்கிள் பிரேக்கில் இரண்டு ஜாதி ஆயில் உண்டு. ஒன்று மினரல் ஆயில். ஷிமானோ, டெக்ட்ரோ, மகூரா பிரேக்குகள் இதில் ஓடுகின்றன. இன்னொன்று டாட் ஆயில், பைக்கிலும் காரிலும் ஊற்றும் அதே வகை. ஸ்ராம் பிரேக்குகள் பெரும்பாலும் இது, அவர்களுடைய சில புது மாடல்கள் மட்டும் மினரல். ஒன்றுக்கான பிரேக்கில் மற்றதை ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் அந்தந்த ஆயிலுக்கென்றே செய்யப்பட்டது. உங்கள் ஊர் மெக்கானிக் வேலை தெரிந்தவராகவே இருப்பார். ஆனால் அவர் கையில் இருப்பது டாட் பாட்டில். உங்கள் சைக்கிள் மினரல் என்றால் அவர் நல்ல மனதோடு செய்தாலும் பிரேக் கெட்டுப்போகும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதன்முதலாக ஆயில் பிரேக் என் கடைக்கு வந்த வருஷம். பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பையன் சாயங்காலம் கொண்டுவந்தான், மறுநாள் காலையிலேயே வேண்டும் என்றான். லீவர் மூடியில் என்னமோ எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. பக்கத்துப் பைக் கடையில் டாட் ஆயில் வாங்கி ஊற்றினேன். லீவர் கல்லு மாதிரி நின்றது. பையனும் சந்தோஷமாகப் போனான். இரண்டு வாரம் கழித்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அழுத்திய லீவர் திரும்பி வரவில்லை, பேடு டிஸ்க்கை விடவே இல்லை, சக்கரம் சுற்றவில்லை. கேலிப்பரைப் பிரித்தேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீல் கறுப்பாக, சதுர வெட்டாக, விறைப்பாக இருக்க வேண்டும். இது ராத்திரி ஊறப்போட்ட மொச்சை மாதிரி உப்பி மெத்தென்று இருந்தது. நகத்தால் கிள்ளினால் பள்ளம் விழுந்தது. அழுத்திவிட்டுக் கையை எடுத்ததும் பிஸ்டனை லேசாகப் பின்னுக்கு இழுப்பது அந்தச் சீலின் முறுக்கம்தான். சீல் ஊறினால் அந்த முறுக்கம் போய்விடுகிறது. லீவர், ஓஸ், கேலிப்பர் மூன்றையும் புதுசாக என் செலவில் மாட்டிக் கொடுத்தேன். சக்கரம் சிக்கியது கடைத்தெருவில். வேறொரு நாள் தொப்பூர் மலை இறக்கத்தில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் லீவர் மூடியிலும் கேலிப்பரிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எழுத்து அழிந்திருந்தால், மாடல் நம்பரை வைத்து கம்பெனியின் கையேட்டில் பாருங்கள். பழைய சைக்கிள் என்பதால் முன்னால் யாராவது தப்பான ஆயில் ஊற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்கு நான் செய்யும் சோதனை இது. ஒரு டம்ளர் தண்ணீரில் உள்ளே இருந்து எடுத்த ஆயிலில் நாலு சொட்டு விடுவேன். மினரல் என்றால் எண்ணெய் மிதப்பது போல் மேலே வட்டம் கட்டும். டாட் என்றால் தண்ணீரோடு கரைந்துவிடும்.

மினரல்தான் என்று உறுதியானால், ஷிமானோ மாதிரி பிரேக்கில் ஏர் எடுப்பது இப்படி. சக்கரத்தைக் கழற்றுங்கள், பேடையும் எடுத்துத் தூரமாக வையுங்கள். பிஸ்டன்களை உள்ளே தள்ளி, அவற்றுக்கு நடுவில் இறுக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் கட்டையை மாட்டுங்கள், ஏர் எடுக்கும் கிட்டிலேயே அது கிடைக்கும். லீவரைத் தரைக்குச் சமமட்டமாகத் திருப்பி வைத்து, மேலே இருக்கும் சின்னத் திருகாணியைக் கழற்றி அங்கே புனல் மாட்டுங்கள். கீழே கேலிப்பரில் இருக்கும் நிப்பிளில், அதாவது ஆயில் ஏற்றி இறக்கும் சின்ன முனையில், ஆயில் நிரப்பிய சிரிஞ்சையும் டியூபையும் சொருகி, நிப்பிளை எட்டில் ஒரு சுற்று மட்டும் திறந்து, கீழிருந்து மெதுவாக ஆயிலை ஏற்றுங்கள். காற்று மேலே போகிற பொருள், அதைக் கீழே இழுப்பதைவிட மேலே தள்ளுவதுதான் சுலபம். புனலில் குமிழி வந்து உடையும். ஓஸையும் கேலிப்பரையும் ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். வளைவுகளில் ஒட்டிக்கொண்ட குமிழிகள் தட்டினால்தான் கிளம்பும். குமிழி நின்றதும் நிப்பிளை மூடி, லீவரை மெல்ல மெல்ல அழுத்துங்கள். பிறகு லீவரை மேல்பக்கமும் கீழ்பக்கமுமாகக் கொஞ்சம் சாய்த்து அழுத்துங்கள். கடைசிக் குமிழிகள் அப்போதுதான் வரும், பலபேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். எல்லாவற்றையும் மூடி, சிந்தியதைத் துடைத்து, பேடும் சக்கரமும் மாட்டி, லீவரை முழு பலத்தோடு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே இறங்காமல் நின்றால் ஒகேனக்கல் போகலாம். இறங்கினால் கசிவு பாக்கி இருக்கிறது.

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகன், செயின் சத்தம் போடுகிறது என்று டப்பா ஸ்பிரேயை அடித்தான். மறுநாளிலிருந்து பின் பிரேக் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறுகிறது. ஆனால் வண்டி நிற்கவில்லை. லீவர் கெட்டியாகத்தான் இருக்கிறது. இதற்கும் ஏர் எடுக்க வேண்டுமா?
– இல்லத்தரசி, ஓசூர்

பதில்: வேண்டாம் அம்மா. லீவர் கெட்டியாக இருக்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது ரொம்ப உதவியாக இருக்கிறது. உள்ளே ஆயில் சரியாக வேலை செய்கிறது. ஸ்பிரே சாரல் டிஸ்க்கில் படிந்து, அங்கிருந்து பேடு குடித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் போதும், பேடு பிடிப்பதற்குப் பதில் வழுக்கி அதிரும். அந்த அதிர்வுதான் அலறல்.

டிஸ்க்கைக் காப்பாற்றலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்கி, சுத்தமான துணியில் நனைத்து இரண்டு பக்கமும் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் சானிடைசர் வேண்டாம். கை காயாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது இன்னொரு படலமாக ஒட்டும். டிஸ்க்கை விரலாலும் தொட வேண்டாம்.

பேடை மாற்றிவிடுங்கள். உப்புத்தாளில் தேய்க்கலாம், அடுப்பில் காட்டலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் மேலாக மட்டும் பட்டிருந்தால் சில சமயம் தேறும், ஊறிப்போனது தேறுவதில்லை. பிள்ளை ஓட்டும் சைக்கிளில் அந்தப் பரீட்சை தேவையில்லை. வாங்கும்போது டிஸ்க்கில் "ரெசின் பேடு மட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மெட்டல் பேடு போடக் கூடாது, டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

புதுப் பேடு போட்டதும் பிடிக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். வண்டி வராத சமதரை ரோட்டில் ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல் நடை வேகத்துக்குக் குறையும் வரை பிரேக் பிடித்து விடச் சொல்லுங்கள். இருபது தடவையாவது செய்ய வேண்டும். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். இனி செயினுக்கு ஸ்பிரே வேண்டாம், சொட்டு சொட்டாக விடும் ஆயிலே போதும்.

கேள்வி: கே.ஆர்.பி. அணைக்குக் காரில் சைக்கிளை ஏற்றிப் போனோம். சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது குழந்தைகள் பிரேக்கை அழுத்தி விளையாடினார்கள். இப்போது டிஸ்க் உள்ளே நுழையவில்லை.
– கிருஷ்ணகிரி

பதில்: கோளாறு எதுவும் இல்லை. டிஸ்க் இல்லாத நேரத்தில் அழுத்தியதால் பேடு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பேடை வெளியே எடுத்துவிட்டு, டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரால் பிஸ்டன்களை நேராக உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் கூடாது, சில பிஸ்டன்கள் பீங்கான் வகை, ஓரம் உடைந்துவிடும். அடுத்த தடவை சக்கரத்தைக் கழற்றியதும், மடித்த அட்டைத் துண்டு ஒன்றைப் பேடுகளுக்கு நடுவில் சொருகி வையுங்கள்.

கேள்வி: சக்கரம் சுற்றும்போது "சிக், சிக்" என்று உரசும் சத்தம். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.
– அரூர்

பதில்: சத்தம் விடாமல் வந்தால் கேலிப்பர் ஒரு பக்கமாக இருக்கிறது. அதன் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் வந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது, கடைக்குக் கொண்டுபோய் நிமிர்த்துவது நல்லது. அப்படியே டிஸ்க்கின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஷிமானோ டிஸ்க் புதுசில் 1.8 மில்லிமீட்டர், 1.5-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

கேள்வி: வத்தல்மலை ஏறி இறங்கினேன். பாதி இறக்கம் வரைக்கும் பிரேக் அருமையாக இருந்தது. அடிவாரம் நெருங்கும்போது லீவர் திடீரென்று லூசாகிவிட்டது. செருப்பைத் தேய்த்து எப்படியோ நிறுத்தினேன். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பார்த்தால் மறுபடி கெட்டியாக இருக்கிறது. இது என்ன மாயம்? என் பிரேக் டாட் ஆயில் வகை. வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, ஆயில் மாற்றியதில்லை.
– தர்மபுரி

பதில்: நீங்கள் உயிரோடு உட்கார்ந்து கடிதம் எழுதியதே எனக்கு நிம்மதி. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளின் பிரேக் கருகும் வாசனை நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே சூடுதான் உங்கள் கையகல டிஸ்க்கிலும் ஏறியது. டாட் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் குடித்த பிறகு அதே ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். மூன்று வருஷத்து ஆயில், விடாமல் பிடித்த பிரேக், இரண்டும் சேர்ந்து கேலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி ஆகிவிட்டது. ஆவியும் காற்று மாதிரி அமுங்கும். ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிட்டதால் லீவர் கெட்டியானது. சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி மலைக்குப் போனால் மறுபடி இதுவே நடக்கும்.

பழைய ஆயிலை முழுக்க வெளியே தள்ளிப் புது ஆயில் போடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள், பைக் கடையில் ஆறு மாசமாகத் திறந்து கிடக்கும் டப்பாவிலிருந்து வேண்டாம். மூடியில் டாட் 5 என்று மட்டும் போட்டிருந்தால் அது சிலிக்கான் ஆயில், சைக்கிளுக்கு ஆகாது. 5.1 வேறு, 5 வேறு. பேடையும் கழற்றிப் பாருங்கள். முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் வெந்துவிட்டது, மாற்றுங்கள்.

இறங்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். மேலிருந்து கீழ் வரைக்கும் லேசாக இழுத்துப் பிடித்தபடியே வருவதுதான் சூட்டை ஏற்றுகிறது. வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுசாக விடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க்குக்குக் காற்றுப் படும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று தண்ணீர் குடியுங்கள், ஆனால் அந்தத் தண்ணீரை டிஸ்க் மேல் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும். உங்கள் எடை அதிகம் என்றால், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு முன் டிஸ்க்கை 160-லிருந்து 180 மில்லிமீட்டராக மாற்றலாம்.

கேள்வி: மினரல் ஆயில் இங்கே கிடைக்கவில்லை. தையல் மெஷின் ஆயில் ஊற்றலாமா? நண்பன் தேங்காய் எண்ணெய்கூடப் போதும் என்கிறான்.
– தேன்கனிக்கோட்டை

பதில்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரி சுற்றிலேயே உறைந்துவிடும். உங்கள் ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள், நண்பருக்கும் காட்டுங்கள். அது ஓஸுக்குள் உறைந்தால் லீவரை அசைக்கவே முடியாது. தையல் மெஷின் ஆயில் மினரல் வகையே என்றாலும் பிரேக் சூட்டுக்கும் அந்தச் சீலுக்கும் ஏற்றதாகச் செய்யப்பட்டதில்லை. பிரேக் கம்பெனி சொல்லும் ஆயிலை ஆன்லைனில் வரவழையுங்கள். 100 மில்லி பாட்டில் முன்பின் இரண்டு பிரேக்குக்கும் போதும். அது வரும்வரை பஸ்ஸில் போங்கள்.

கேள்வி: தக்காளி விவசாயி நான். ஒன்பதாவது போகும் மகளுக்கு சைக்கிள் வாங்க வேண்டும். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர், பாதி மண் ரோடு. ஆயில் டிஸ்க் பிரேக்தான் வேண்டும் என்கிறாள். வாங்கித் தரலாமா?
– பாலக்கோடு

பதில்: ஐயா, பாப்பாவுக்கு ஆசை இருப்பது நியாயம்தான். ஆயில் பிரேக் பிடிக்கும் சுகம் வேறு எதிலும் கிடையாது, ஒற்றை விரல் போதும். ஆனால் உங்கள் ஊரில் ஒரு சீல் போனால் யார் மாற்றுவார்கள் என்று யோசியுங்கள். தர்மபுரிக்குக் கொண்டுவர வேண்டும், சாமான் வர ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரமும் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். அதனால் நான் சொல்வது கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக். சேறு பட்டாலும் டிஸ்க் பிடிக்கும், ரிம்மில் பிடிக்கும் பிரேக்குக்கு அந்த வசதி குறைவு. கேபிள் அறுந்தால் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவார்கள். பேடு தேய்ந்தால் கேலிப்பரிலேயே ஒரு திருகு இருக்கும், அதைத் திருகி நெருக்கிக்கொள்ளலாம், பாப்பாவே செய்யப் பழகிவிடுவாள். வாங்கும் அன்றைக்கே உபரியாக ஒரு உள் கேபிள் வாங்கி, வட்டமாகச் சுற்றி சீட்டுக்கு அடியில் கட்டிக் கொடுங்கள்.